ஸ்பின்னிங்கா, பெய்ட்காஸ்டரா: டெக்சஸ் பாஸ் மீனுக்கு எந்த ரீல்?

டெக்சஸில் குடியேறி, ஏரிப் பக்கம் போய்ப் பாஸ் என்ற நன்னீர் மீனைப் பிடிக்கப் பழகும் நம்மவர்கள் ஏறக்குறைய எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. தூண்டில் நரம்பைச் சுற்றிவைக்கும் ரீல்களில் ஸ்பின்னிங் வகை புதியவர்களுக்கு, பெய்ட்காஸ்டர் வகை தேர்ந்தவர்களுக்கு என்று சொல்கிறார்களே, நேராகப் பெய்ட்காஸ்டரையே வாங்கிவிட்டால் என்ன?

இந்தத் தரம் பிரிப்பே தப்பு. பெரிய போட்டிகளில் இறங்கும் தொழில்முறை ஆட்களின் படகைப் பாருங்கள், இரண்டு வகையும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். ஒரே நாளில் மாற்றி மாற்றி எடுப்பார்கள். எதை எடுப்பது என்பதை இரையின் எடையும், நரம்பின் தடிமனும், மீன் எங்கே பதுங்கியிருக்கிறது என்பதும் முடிவு செய்கின்றன. ஆளின் அனுபவம் அதற்கெல்லாம் பிறகுதான்.

டெக்சஸிலேயே இரண்டு ஏரிகளை எடுத்துக்கொள்வோம். டல்லாஸுக்குக் கிழக்கே சுமார் ஒன்றரை மணி நேரப் பயணத்தில் லேக் ஃபோர்க் இருக்கிறது. 1980இல் அணை கட்டி முடித்துத் தண்ணீர் தேக்கியபோது அங்கிருந்த மரங்களில் பெரும்பகுதியை வெட்டாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். இன்றும் தண்ணீருக்கு மேலேயும் கீழேயும் பட்ட மரங்கள் நிற்கின்றன. பெரிய லார்ஜ்மவுத் பாஸ்கள் அந்த அடிமரங்களை ஒட்டிப் பதுங்கும். ஆஸ்டின் பக்கத்து லேக் டிராவிஸ் நேர் எதிர். தெளிந்த தண்ணீர், செங்குத்தான பாறைக் கரை, மிதக்கும் படகுத்துறைகள், பாசி குறைவு.

ஃபோர்க்கில் மீன் மாட்டிய கையோடு அதை மரத்தை விட்டு வெளியே இழுத்தாக வேண்டும். கொஞ்சம் இடம் கொடுத்தாலும் கிளையில் நரம்பைச் சுற்றிவிட்டுப் போய்விடும். டிராவிஸில் அந்த அவசரம் இல்லை. ஆனால் தெளிந்த தண்ணீரில் மெல்லிய நரம்பும் சின்ன இரையும் இல்லாமல் மீனைக் கடிக்க வைப்பதே பாடாகிவிடும். ஃபோர்க்கில் என் கை பெய்ட்காஸ்டருக்குப் போகும், டிராவிஸில் ஸ்பின்னிங்குக்கு.

ஏன் என்று புரிய, ரீலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். ஸ்பின்னிங் ரீலில், வீசும்போது ஸ்பூல் (நரம்பு சுற்றியிருக்கும் உருளை) சுழலாது. நரம்பு அதன் விளிம்பைத் தாண்டி வளையம் வளையமாக உருவிக்கொண்டு போகும். 2, 3 கிராம் இரைகூட அதை இழுத்துக்கொண்டு பறந்துவிடும். பெய்ட்காஸ்டரில் ஸ்பூலே சுழல வேண்டும், பறக்கும் இரைதான் அதைச் சுழற்றவும் வேண்டும். கால் அவுன்ஸுக்கு, அதாவது 7 கிராமுக்குக் கீழே போனால் சாதாரண பெய்ட்காஸ்டர் திணறும். இதற்காகவே எடை குறைந்த ஸ்பூல் வைத்த பி.எஃப்.எஸ். (பெய்ட் ஃபினெஸ் சிஸ்டம்) ரக ரீல்கள் ஜப்பானிலிருந்து வந்தன. நல்ல சாமான்தான், ஆனால் முதல் ரீலாக அதை வாங்க வேண்டாம்.

பெய்ட்காஸ்டரின் பெரிய தலைவலியும் அந்தச் சுழலும் ஸ்பூலிலிருந்துதான் வருகிறது. இரையின் வேகம் குறைந்த பிறகும் ஸ்பூல் பழைய வேகத்திலேயே சுற்றினால், வெளியே போக வழியில்லாத நரம்பு உள்ளேயே பொங்கிச் சிக்காகிவிடும். பேக்லாஷ் என்பது இதைத்தான். எதிர்க்காற்றில் இன்னும் மோசம், வடக்கு டெக்சஸின் வசந்தகாலமோ காற்றுக் காலம்.

இதற்கு ரீலிலேயே இரண்டு தடுப்புகள் உண்டு. கைப்பிடிப் பக்கம் உள்ள சின்னக் குமிழ் ஸ்பூலை இறுக்கும். மறுபக்கம் காந்த பிரேக்கோ மையவிலக்கு பிரேக்கோ இருக்கும். மூன்றாவது தடுப்பு உங்கள் கட்டைவிரல். இரையைக் கட்டி, ராடை, அதாவது தூண்டில் கம்பைச் சாய்வாகப் பிடித்து, ஸ்பூலை விடுவிக்கும் பொத்தானை அழுத்துங்கள். இரை மெதுவாக இறங்கி, தரையைத் தொட்டதும் ஸ்பூல் தானாக நிற்கும்வரை குமிழைத் திருகுங்கள். பிரேக்கை முக்கால் பங்குக்கு மேல் வைத்துத் தொடங்கி, கை பழகப் பழகக் குறைக்கலாம். இரையை மாற்றினால் குமிழையும் மறுபடி சரிபார்க்க வேண்டும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இரை தண்ணீரைத் தொடுவதற்கு ஒரு கணம் முன்னால் கட்டைவிரல் ஸ்பூலில் அமர வேண்டும். இந்தப் பழக்கத்துக்கு மாற்று எதுவும் கிடையாது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கென்டக்கி மாநிலத்துக் கடிகாரக் கைவினைஞர் ஜார்ஜ் ஸ்னைடர் செய்த பல்சக்கர ரீலின் வழிவந்ததுதான் இன்றைய பெய்ட்காஸ்டர். அன்று பிரேக்கே கிடையாது, கட்டைவிரல் ஒன்றுதான்.

அதே கட்டைவிரல்தான் பெய்ட்காஸ்டரின் பலமும். இரையை நினைத்த இடத்தில், இரண்டு மரங்களுக்கு நடுவே கையகல இடைவெளியில்கூட இறக்கலாம். 15, 20 பவுண்டு தாங்கும் ஃப்ளோரோகார்பன் நரம்போ, 50 பவுண்டு தாங்கும் பிரைடு என்ற பின்னல் நரம்போ அதில் ஒழுங்காகச் சுற்றி உட்காரும். அவ்வளவு தடித்த ஃப்ளோரோகார்பனைச் சின்ன ஸ்பின்னிங் ரீலில் சுற்றினால் சுருள் சுருளாக வெளியே துள்ளும்.

ஸ்பின்னிங்கிலும் சிக்கு உண்டு, அது சத்தமில்லாமல் சேரும் சிக்கு. மீன் இழுத்து டிராக் (இழுப்புக்கு நரம்பை விட்டுக்கொடுக்கும் அமைப்பு) வழுக்கிக்கொண்டிருக்கும்போதும் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் நரம்பில் முறுக்கு ஏறும். மீன் ஓடும்போது சுற்றாதீர்கள், அது நின்றதும் சுற்றுங்கள். வீசிய பிறகு கம்பி வளையத்தைக் கைப்பிடியால் மூடாமல் கையாலேயே மூடி, தொங்கும் நரம்பை ஒருமுறை இழுத்து இறுக்கிவிட்டுச் சுற்றத் தொடங்கினால் பாதித் தொல்லை போய்விடும். ஸ்பூலை விளிம்புவரை நிரப்பவும் கூடாது, 2, 3 மில்லிமீட்டர் விட்டுவிடுங்கள். படகுத்துறைக்கு அடியில் இரையைத் தண்ணீர்மேல் தத்தவிட்டு உள்ளே அனுப்ப ஸ்பின்னிங்தான் சுலபம். டிராவிஸில் இந்த ஒரு வித்தை தெரிந்தாலே போதும், மற்றவர்கள் தொடாத மீனைத் தொடலாம்.

மூடி போட்ட பொத்தான் ரீல் என்று மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்க அருமையானது, பாஸை மட்டும் குறிவைத்துப் போகிறவர்களுக்குச் சீக்கிரமே போதாமல் போய்விடும்.

ராடு விஷயத்தில் இரண்டு சொற்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்: பவர், ஆக்‌ஷன். ராடு வளைவதற்கு எவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்பது பவர். எந்த இடத்திலிருந்து வளைகிறது என்பது ஆக்‌ஷன். ஃபாஸ்ட் என்றால் நுனிப்பக்கம் மட்டும் வளையும், மாடரேட் என்றால் நடுப்பகுதிவரை வளையும். ஒற்றை முள் வைத்த ரப்பர்ப் புழுவுக்கும், எடைத் தலை வைத்த முள்ளான ஜிக்குக்கும் ஃபாஸ்ட் வேண்டும், ஏனென்றால் அந்தத் தடித்த முள்ளை மீனின் வாய்க்குள் ஏற்றச் சுண்டி இழுக்க வேண்டியிருக்கும். கிராங்க்பெய்ட் என்ற, இழுக்கும்போது நீந்தும் செயற்கை இரையில் இருப்பவை சின்ன மும்முள்கள். விறைத்த ராடால் சுண்டினால் அவை பிய்த்துக்கொண்டு வந்துவிடும். அங்கே மாடரேட் ராடின் நெகிழ்வுதான் மீனைக் கரைவரை கொண்டுவரும். ஒரு கம்பெனியின் மீடியம் இன்னொரு கம்பெனியின் மீடியம் ஹெவி போல இருக்கும். ஆகவே பெயரைவிட, ராடின் மேல் அச்சிட்டிருக்கும் இரை எடை அளவையே நம்புங்கள்.

“பெரிய மீனுக்குப் பெரிய ரீல்தானே?” என்று கேட்பவர்களுக்கு ஃபோர்க்கிலேயே ஒரு பதில் இருக்கிறது. 1992 ஜனவரியில் அங்கே பிடிபட்ட 18.18 பவுண்டு லார்ஜ்மவுத்தான் டெக்சஸ் மாநிலச் சாதனை. அது கிராப்பி என்ற சின்ன வகை மீனுக்காகப் போட்டிருந்த உயிர் இரையில் சிக்கியது. பெரிய மீன் மெல்லிய சாமானிலும் வரும் என்பதற்கு அது சாட்சி. அதற்காக மரக்காட்டுக்குள் மெல்லிய நரம்பை விடச் சொல்ல மாட்டேன். அறுந்த நரம்போடும் வாயில் குத்திய முள்ளோடும் ஒரு மீனை அலையவிடுவது எனக்கு மனசுக்கு ஒப்பாத காரியம். இன்னொன்று, ஃபோர்க்கில் 16 அங்குலத்துக்கும் 24 அங்குலத்துக்கும் இடைப்பட்ட லார்ஜ்மவுத்தைத் திருப்பி விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். கோடையில் தண்ணீர் சூடேறி ஆக்சிஜன் குறைந்திருக்கும் நேரத்தில், மெல்லிய நரம்பில் நெடுநேரம் போராடித் துவண்ட மீனை விட்டாலும் அது பிழைக்கும் என்று சொல்ல முடியாது. விடவேண்டிய மீனைச் சீக்கிரம் கரையேற்றிச் சீக்கிரம் விடுங்கள். அதற்கு அந்த இடத்துக்கு ஏற்ற பலமுள்ள ராடு வேண்டும்.

சரி, எதைத்தான் வாங்குவது? ஒன்றே ஒன்றுதான் என்றால் என் ஓட்டு ஸ்பின்னிங்குக்கு: 7 அடி, மீடியம் பவர், ஃபாஸ்ட் ஆக்‌ஷன் ராடு, 2500 அல்லது 3000 அளவு ரீல். 10 முதல் 15 பவுண்டு பிரைடு சுற்றி, முனையில் 8 பவுண்டு ஃப்ளோரோகார்பன் துண்டு ஒன்றை லீடராக (இரைக்கும் பிரைடுக்கும் நடுவே) கட்டிக்கொள்ளுங்கள். குடியிருப்புக் குளம், ஓடை, பூங்கா ஏரி எல்லாவற்றுக்கும் இது ஒத்துவரும். ஆஸ்டினைச் சுற்றியுள்ள ஓடைகளில் இருக்கும், டெக்சஸின் மாநில மீனான குவாடலூப் பாஸுக்கு இதைவிட இலகுவான செட்டே போதும்.

இரண்டாவது வாங்கும்போது பெய்ட்காஸ்டர்: 7 அடி, மீடியம் ஹெவி, ஃபாஸ்ட், 15 பவுண்டு நரம்பு. கியர் விகிதம் (கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு ஸ்பூல் சுற்றும் முறை) 7:1 பக்கம் இருந்தால் பெரும்பாலான வேலைக்கு ஆகும். ஆழத்தில் ஓடும் கிராங்க்பெய்ட் உங்களுக்குப் பிடித்துப்போனால் பிறகு 5:1 பக்கம் ஒன்று தேடலாம். ஸ்பின்னிங்கில் 60 டாலருக்கு நல்ல ரீல் கிடைத்துவிடும், பெய்ட்காஸ்டரில் 100 டாலருக்குக் குறைத்தால் பிரேக் சரியாக வேலை செய்யாமல் கற்றுக்கொள்ளும் ஆசையே விட்டுப்போகும் என்பது என் கணக்கு. வாங்குமுன் இன்னொன்றைக் கவனியுங்கள். ஸ்பின்னிங் ரீலின் கைப்பிடியைக் கழற்றி மறுபக்கம் மாட்டிக்கொள்ளலாம், பெய்ட்காஸ்டரில் முடியாது. வலக்கையால் வீசுபவர், வீசிய பிறகு ராடைக் கை மாற்ற விரும்பவில்லை என்றால், இடக்கைப் பிடி உள்ளதாகக் கேட்டு வாங்க வேண்டும்.

பராமரிப்பில் ஸ்பின்னிங் கேட்பது கொஞ்சம்தான். நரம்பு உரசி ஓடும் சின்ன உருளையில் அவ்வப்போது ஒரு சொட்டு எண்ணெய், வருடத்துக்கு ஒருமுறை கியருக்குக் கிரீஸ், போதும். அந்த உருளை சிக்கிக்கொண்டால்தான் நரம்பு முறுக்கும், தேயும். பெய்ட்காஸ்டருக்குக் கூடுதல் கவனிப்பு வேண்டும். ஸ்பூலை இரு பக்கமும் தாங்கும் பேரிங்குகளுக்கு ஒவ்வொரு சொட்டு. அதிகம் விட்டால் தூசி ஒட்டி வேகம் குறையும். நரம்பைப் பரப்பிச் சுற்றும் திருகுத்தண்டில் மணலும் பாசியும் சேரும், பழைய பல் துலக்கும் பிரஷால் துடைத்துவிட்டு லேசாக எண்ணெய் விடுங்கள். டிராக் வட்டுகளில் மட்டும் சாதாரண எண்ணெய் படவே கூடாது. இரண்டு ரீலையும் கழுவும்போது டிராக்கை இறுக்கி, மெதுவாக விழும் தண்ணீரில் அலசுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் உள்ளிருக்கும் கிரீஸ் வெளியேறி மணல் உள்ளே போகும். காய்ந்த பிறகு டிராக்கைத் தளர்த்தி வையுங்கள்.

ராடு உடைவது பெரும்பாலும் கார் கதவிலும் சீலிங் ஃபேனிலும்தான். மீனால் உடைவது எப்போது என்றால், கரைக்கு அருகில் வந்த மீனை ராடைச் செங்குத்தாகத் தூக்கி எடுக்கும்போது. அப்போது பளு முழுவதும் நுனியில் இறங்கி கிராஃபைட் முறிந்துவிடும். ராடைத் தாழ்த்தி, கையாலோ வலையாலோ மீனை எடுங்கள். அப்புறம், நல்ல நரம்பு காரணமே தெரியாமல் அறுந்துகொண்டே இருந்தால் நரம்பைத் திட்டுவதற்கு முன்னால் ராடின் வளையங்களைப் பாருங்கள். உள்ளே இருக்கும் பீங்கான் வட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தாலும் அது பிளேடு போல அறுக்கும். காது குடையும் பஞ்சுக் குச்சியை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டுச் சுற்றுங்கள். பஞ்சு இழை எங்கே மாட்டிக்கொள்கிறதோ அந்த வளையத்தை மாற்ற வேண்டும்.