ஊதிப் பார்க்கும் கருவி: மூன்று மாத அனுபவம்

சித்தப்பா மகன் கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரி ஒரு குவார்ட்டர், ஒரு பியர். பதினொன்றரைக்குப் படுத்துவிட்டேன். காலை ஏழு மணிக்குக் குளித்து, இட்லி சாப்பிட்டுக் காரை எடுக்கப் போனபோது தலை தெளிவாகத்தான் இருந்தது. மூச்சை வைத்து ரத்தத்தில் உள்ள ஆல்கஹால் அளவைக் காட்டும் இந்தக் கருவியில் சும்மா ஊதிப் பார்த்தேன். 0.052!

நம் நாட்டில் வரம்பு 100 மி.லி. ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால், அதாவது இந்தத் திரையில் 0.030. போலீஸ் ராத்திரிதான் ஊதச் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்த ஆள் நான். முதல் முறை சிக்கினாலே பத்தாயிரம் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆட்டோவில் போனேன். ஒன்பதுக்கு மறுபடி ஊதியதில் 0.021. உடம்பு மணிக்கு, 100 மி.லி. ரத்தத்துக்குச் சுமார் 15 மில்லிகிராம் ஆல்கஹாலைத்தான் கரைக்கும். இட்லி, காபி, பச்சைத் தண்ணீர்க் குளியல் எதுவும் அதை வேகப்படுத்தாது.

3,400 ரூபாய்க்கு வாங்கினேன். ஃப்யூயல் செல் சென்சார் (மூச்சிலுள்ள ஆல்கஹாலை வேதிவினை மூலம் அளப்பது) உள்ளதையே பார்த்து வாங்குங்கள். மலிவானவை மனம்போன போக்கில் எண் காட்டும். மவுத்வாஷ் போட்ட கையோடு ஊதினால் இதுவும் ஏமாறும், கால் மணி நேரம் பொறுக்க வேண்டும்.

குறை? பீப் சத்தம். வீட்டுக்காரிக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது. அப்புறம், வருடத்துக்கு ஒருமுறை கேலிப்ரேஷனுக்கு, அதாவது அளவைச் சரிபார்த்துத் திருத்த, அனுப்ப வேண்டுமாம், அதற்குத் தனிக் காசு. நான்கு நட்சத்திரம்.