இடி மழைக்கு ஆடியோ செற்றை எது காக்கும்: பிளக்கைக் கழற்றுவதா, சேர்ஜ் போர்டா, எஸ்பிடியா?

திருகோணமலையில் சித்திரையை ஒட்டிய பின்னேர இடியும், ஐப்பசியில் மாரி பிடிப்பதற்கு முந்திய இடியும்தான் அம்ப்புகளுக்கு (அம்ப்ளிஃபயர்களுக்கு) கெட்ட காலம். கடையில் போய் என்ன போடலாம் என்று கேட்டால் பல இடங்களில் முதலில் ஸ்டெபிலைசரைத்தான் காட்டுவார்கள். அதை இப்போதே தள்ளிவைத்துவிடலாம். ஸ்டெபிலைசர் கரண்ட் 190 வோல்ட்டுக்கு இறங்கினால் ஏற்றிக் கொடுக்கும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் ரிலே 'டக்' என்று மாற மில்லி செக்கன் கணக்கில் நேரம் எடுக்கும், மின்னலால் வரும் திடீர் வோல்ட் எழுச்சியோ (அதுதான் சேர்ஜ்) மைக்ரோ செக்கன் கணக்கில் வந்து வேலையை முடித்துவிட்டுப் போய்விடும். ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. அது ஆளுக்கு ஷொக் அடிக்காமல் காக்க வைத்தது, அம்ப்பைக் காக்க அல்ல.

உண்மையான போட்டி மூன்றுக்கு இடையில்.

பிளக்கைக் கழற்றுவது. காசில்லை, நேரே விழும் மின்னலுக்குக்கூட இதைவிடப் பெரிய காவல் கிடையாது. ஆனால் சுவரில் சுவிட்சை மட்டும் நிறுத்துவது கழற்றியதாகாது, அந்தச் சின்ன இடைவெளி மின்னலுக்கு ஒரு பொருட்டே இல்லை. இன்னொன்று, பிளக்கைக் கழற்றிவிட்டு கேபிள் ரிவி வயரையும் ரவுட்டரிலிருந்து வரும் லான் வயரையும் அப்படியே விட்டுவிடுவார்கள். கூரைமேல் அன்டெனாவிலிருந்து ரிவிக்கு, ரிவியிலிருந்து எச்டிஎம்ஐ வழியாக அம்ப்புக்கு என்று பின்வாசல் திறந்தே கிடக்கும். ரிவியையும் அம்ப்பையும் ஒப்டிகல் கேபிளால் இணைத்தால் அந்த ஒரு வாசலாவது அடைபடும், ஏனென்றால் அதில் போவது வெளிச்சம், கரண்ட் இல்லை. கழற்றுவதானால் வானம் கறுக்கும்போதே கழற்றுங்கள். தலைக்கு மேல் இடிக்கும்போது வயரில் கை வைக்க வேண்டாம். பகலில் எல்லாரும் வேலைக்குப் போகிற வீட்டுக்கு இந்த வழி பாதிதான் உதவும்.

சேர்ஜ் போர்டு. உள்ளே எம்ஓவி என்ற காசு வடிவச் சில்லுகள் இருக்கும், வோல்ட் அளவு மீறினால் மிச்சத்தைத் தாங்களே வாங்கி நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் தள்ளிவிடும். ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் தேயும். போர்டில் எரிகிற சின்னப் பச்சை லைட்டைக் கவனித்திருக்கிறீர்களா? பல போர்டுகளில் எம்ஓவி செத்தால் அந்த லைட் அணையும், ஆனால் பாட்டு தொடர்ந்து பாடும், அதனால் ஒருவரும் மாற்றுவதில்லை. லைட்டே இல்லாத மலிவு போர்டு பெரும்பாலும் வெறும் மல்டி பிளக்தான். நல்ல போர்டு வாங்கினால் அம்ப், ரிவி, சப்வூபர் எல்லாவற்றையும் அந்த ஒன்றிலேயே போடுங்கள். சப்வூபரை அறையின் மறுபக்கச் சொக்கெட்டில் போட்டால் எழுச்சி வரும் நேரத்தில் இரண்டு சொக்கெட்டுக்கும் இடையில் உண்டாகும் வோல்ட் வித்தியாசம் சிக்னல் வயர் வழியாகப் பாயும். எர்த் துளையில் பேனாவைக் குத்தி இரண்டு முள் பிளக்கைச் சொருகுகிற நம் ஊர்ப் பழக்கத்தைப் போர்டுக்கும் காட்டினால், எர்த்துக்குத் தள்ளும் வழியே இல்லாமல் போய்விடும்.

டிபி பெட்டியில் (ட்ரிப் சுவிட்ச் இருக்கும் மெயின் பெட்டி) எஸ்பிடி, அதாவது முழு வீட்டுக்குமாக எழுச்சியை எர்த்துக்குத் திருப்பும் கருவி. என் ஓட்டு இதற்குத்தான். டைப் 2, 275 வோல்ட் என்று எழுதியிருக்கும் வகை, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் ஸ்பார்க் கேப் (வோல்ட் மீறினால் மட்டும் பொறி பாய்ந்து வழிவிடும் இடைவெளி) உள்ளதாகப் பார்த்து, ட்ரிப் சுவிட்சுக்கு முன்னால் வயரிங்காரரைக் கொண்டு போடுவியுங்கள். வயர் அரை மீற்றருக்குள் இருக்கவேண்டும், சுற்றிச் சுற்றி அழகாக மடித்து வைத்தால் பலன் பாதி போய்விடும். அதன் சின்ன ஜன்னல் பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறினால் மாற்றும் நேரம். ஃப்ரிட்ஜ், மோட்டர் எல்லாம் இதன் நிழலில் வந்துவிடும். ஆனால் நேரே வீட்டில் விழும் மின்னலை இதுவும் தாங்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

எஸ்பிடியும் போர்டும் எர்த் சரியாக இருந்தால்தான் முழுதாக வேலை செய்யும். இங்கே அதுதான் சிக்கல். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் மணல் தரை காய்ந்தால் கரண்டை உள்ளே வாங்காது, கடல் காற்று வேறு எர்த் கம்பியின் கிளாம்பைப் பச்சை பிடிக்க வைத்துவிடும். முற்றத்து மூலையில் குனிந்து பாருங்கள், கையால் ஆட்டினால் ஆடுகிற கிளாம்பாக இருந்தால் முதல் செலவு அதற்கு. அளந்து பார்க்கச் சொல்லுங்கள், 10 ஓமுக்குக் கீழே வந்தால் நல்லது.

இன்னொரு ஆபத்து மின்னலே இல்லாமல் வரும். மழைக்காற்றில் வெளி நியூட்ரல் அறுந்தால் 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 400ஐ நெருங்கவும் கூடும். மைக்ரோ செக்கனுக்காகச் செய்த எம்ஓவி நிமிடக்கணக்கில் அதைத் தாங்காது, புகைந்துவிடும். அதற்குத் தனியாக, வோல்ட் கூடினால் கரண்டைத் துண்டிக்கும் ஓவர் வோல்டேஜ் கட்டர் வேண்டும். கரண்ட் திரும்பி வந்ததும் கொஞ்சம் பொறுத்துக் கொடுக்கிற டைமர் உள்ளதாக எடுங்கள்.

யூபிஎஸ்? கணினிக்குச் சரி. மலிவானவற்றில் பற்றரிக்கு மாறும்போது வரும் கரடுமுரடான அலைக்கு அம்ப்பின் ட்ரான்ஸ்போமர் 'ம்ம்ம்' என்று இரையும்.

வாடகை வீட்டுக்காரர்கள் டிபி பெட்டியில் கை வைக்க முடியாது, சரி. லைட் உள்ள ஒரு நல்ல போர்டு, லான் வயருக்குப் பதில் வைஃபை, இருட்டுக் கட்டும்போது போர்டின் பிளக்கையும் அன்டெனா வயரையும் சேர்த்தே கழற்றுவது. எர்த் கிளாம்பை மட்டும் வீட்டுக்காரரிடம் சொல்லி மாற்றுவித்துக்கொள்ளுங்கள், அது பெரிய செலவில்லை.