சைலன்சர் ஓட்டைக்கு ரின்மீன் பேணித் தகடு: 14 மாத அனுபவம்

முள்ளியவளையில் வீடு, தண்ணீரூற்றில் கடை. இந்தச் சின்னத் தூரத்தை நாளுக்கு நாலைந்து தடவை ஓடியே என் 100 சிசி மோட்டார் சைக்கிளின் சைலன்சர் உக்கிப்போனது. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக வரும். தூர ஓட்டத்தில் சைலன்சர் நன்றாகச் சுட்டு அது வெளியேறிவிடும். 2 கிலோமீற்றரில் நிறுத்தினால் உள்ளேயே தங்கிக் கறள் பிடிக்கும். வெளிப் பெயின்ற் கடைசிவரை பளபளவென்றுதான் இருந்தது.

முதலில் சைலன்சர் பேஸ்ட் மட்டும் வாங்கி அப்பினேன். 9 நாள்தான். கிறவல் ரோட்டில் ஒரு குழியில் விழுந்து எழும்ப, பொருக்காகக் கழன்றது. அந்தப் பொருக்கைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் முழுக்கக் கறள். பேஸ்ட் இரும்பைப் பிடிக்கவே இல்லை, கறளைத்தான் பிடித்திருக்கிறது.

இரண்டாம் தரம் ஒரு முழுப் பின்னேரமும் சுரண்டினேன். வயர் பிரஷ், பிறகு சாண்ட் பேப்பர். ஓட்டையைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளை இரும்பு தெரிய வேண்டும். ஓரத்தைக் குத்திப் பார்க்க, உழுந்தளவு ஓட்டை 2 ரூபாய்க் குற்றியளவு பெருத்தது. பயப்பட வேண்டாம், உக்கின இரும்பு போகத்தான் வேண்டும்.

ரின்மீன் பேணியை வெட்டி, பூச்சைச் சுரண்டி, குழாயின் வளைவுக்குக் கையாலேயே வளைத்தேன். ஈரத்துணியால் ஒற்றி, பேஸ்ட் தடவி, தகட்டை அழுத்தி, இரண்டு ஹோஸ் கிளிப்பால் இறுக்கினேன். சரி, அன்றே ஸ்ராட் பண்ணக் கூடாது. ஈரம் காயமுன் சூடேறினால் பேஸ்ட் கொதித்துக் குமிழி விடும். ஒரு நாள் காயவிட்டு, 10 நிமிடம் சும்மா இயங்கவிட்டு, ஆறிய பிறகுதான் ஓடினேன்.

இடையில் ஒரு மாரி போய்விட்டது. தகடு போட்டு ஏழு மாதத்தில் கடல் உப்புக்காற்றில் ஒரு கிளிப் கறளேறி அறுந்தது. ஸ்ரெயின்லெஸ் கிளிப் போட்டேன், முதலே அதைத்தான் வாங்கியிருக்க வேண்டும். தகடு அசையவில்லை. மாதம் ஒருக்கா அதன் ஓரத்தைப் பார்ப்பேன்; கசிந்தால் கரித்தடம் விழும்.

எஞ்சினோடு சேரும் வளைவில் ஓட்டை என்றால் இது சரிவராது. அங்கே சூடு அதிகம், வெல்டிங்தான். அதற்குப் பழைய கூரைத் தகரத்தைக் கொடுக்காதீர்கள். அதில் பூசியிருக்கும் நாகம் (சிங்க்) எரியும் புகை ஒட்டுகிறவருக்குக் காய்ச்சலைக் கொண்டுவரும். சில சைலன்சர்களின் அடியில் தண்ணீர் வடிவதற்கென்றே சின்னத் துளை இருக்கும், அதையும் அடைக்க வேண்டாம்.

இப்போது வாரத்தில் ஒரு நாள் ஒட்டுசுட்டான் வரை ஓடிவருகிறேன், உள்ளே நிற்கும் தண்ணீர் போகட்டும் என்று.