யாரோடு பேச இந்த ரேடியோ? பிஎம்ஆர் 446, சிபி, ஹாம் ஹேண்டி: ஓர் ஒப்பீடு

சென்ற மாதம் அக்கா மகன் போனில் கேட்டான்: "மாமா, நாலு பேர் பைக்கில் கொல்லிமலை போகிறோம். மலைமேல் சிக்னல் கிடைக்காது. எந்த வாக்கி டாக்கி வாங்கலாம்?" அதே வாரம், எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் ஏறக்குறைய இதே கேள்வியோடு வந்தார். அவருக்கு மொட்டை மாடியில் ஓர் ஆண்டெனா நட்டு, மாலை வேளையில் யாருடனாவது பேசிக்கொண்டிருக்க ஆசை. இருவருக்கும் ஒரே பதிலைச் சொன்னால் ஒருவர் கட்டாயம் ஏமாறுவார்.

ரேடியோ வாங்க நினைப்பவர்கள் முதலில் வாட் எத்தனை, சானல் எத்தனை என்றுதான் பார்க்கிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு: எதிர்முனையில் யார்? ஏற்கெனவே தெரிந்த நாலு பேரா, இனிமேல்தான் தெரியப்போகிறவர்களா? இதற்கு விடை கிடைத்தால் பாதித் தேர்வு முடிந்துவிடும்.

தெரிந்தவர்களுக்கு: பிஎம்ஆர் 446

446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான இந்தச் சிறு பட்டைக்கு இந்தியாவில் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் தேவையில்லை. ஐரோப்பாவில் பிறந்த தரம் இது. 12.5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் 16 சானல்கள், அரை வாட் சக்தி, கருவியோடு ஒட்டிய குட்டை ஆண்டெனா. கழற்றி நீளமானதை மாட்டும் வேலையே கிடையாது. வாங்கி, பேட்டரி போட்டு, நாலு பேரும் ஒரே சானலில் வைத்தால் போதும்.

எவ்வளவு தூரம்? அட்டைப்பெட்டியில் எட்டு, பத்து கிலோமீட்டர் என்று அச்சிட்டிருப்பார்கள். நடுவில் ஒன்றுமில்லாத வெட்டவெளியில், உயரத்தில் நின்று பேசினால் அது நடக்கும். கான்கிரீட் வீடுகள் நெருங்கிய தெருவில் அரை கிலோமீட்டரிலேயே குரல் உடையத் தொடங்கும். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். முன்னே போகிறவனுக்கும் பின்னே வருகிறவனுக்கும் நடுவே ஒரு பாறைச்சரிவு வந்துவிட்டால் இந்த அலை அதைத் துளைத்துப் போகாது. ஆனாலும் "லாரி வருகிறது, ஒதுங்கு" என்று அடுத்த வளைவுக்குச் சொல்ல இது தாராளம். அரை வாட்தான் என்பதால் பேட்டரியும் வெகுநேரம் நிற்கும். அக்கா மகனுக்கு இதைத்தான் சொன்னேன். சாதாரண பென்சில் செல்லிலும் ஓடுகிற மாடலாகப் பார்த்து வாங்கச் சொன்னேன். மலைமேல் பெட்டிக்கடையில்கூட அது கிடைக்கும்.

இதில் ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. 'பிரைவசி கோட்' என்று மெனுவில் இருப்பதைப் போட்டுவிட்டால் நம் பேச்சு ரகசியம் என்று நினைக்கிறார்கள். அந்தக் குறியீடு செய்வதெல்லாம், அடுத்தவர் பேச்சு நம் ஸ்பீக்கரில் விழாமல் தடுப்பதுதான். குறியீடு போடாத எந்த ரேடியோவும் நம் பேச்சை முழுசாகக் கேட்கும். வீட்டு முகவரியையோ பூட்டிய வீட்டின் கதையையோ அதில் பேசாதீர்கள்.

இன்னொன்று, வெளிநாட்டு உறவினர் அன்போடு கொண்டுவரும் ஜோடி. அமெரிக்கக் கடைகளில் கிடைக்கும் எஃப்ஆர்எஸ், ஜிஎம்ஆர்எஸ் ரேடியோக்கள் 462, 467 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்பவை. எஃப்ஆர்எஸ்ஸுக்கு அங்கே உரிமம் வேண்டாம். ஜிஎம்ஆர்எஸ்ஸுக்குத் தேர்வில்லாமல் 35 டாலர் கட்டினால் குடும்பத்துக்கே 10 வருட உரிமம் கிடைக்கும். ஆனால் அந்த விலக்கும் உரிமமும் அந்த நாட்டோடு சரி. இங்கே அந்த அதிர்வெண்களுக்கு விலக்கு இல்லை. பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் பலர் இதில் தடுமாறுகிறார்கள். இங்கேயே இணையத்தில் வாங்குவதானாலும் அதிர்வெண் 446-க்குள் இருக்கிறதா, இடிஏ சான்று (கருவி வகைக்கு அரசு தரும் ஒப்புதல்) இருக்கிறதா என்று பாருங்கள். விற்பவர் இவற்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025இல் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டிருக்கிறது. சொல்லாத கடையில் வாங்க வேண்டாம்.

சிபி: சுருக்கமாக

27 மெகாஹெர்ட்ஸ் சிட்டிசன் பேண்டும் 2005 முதல் இங்கே உரிம விலக்கு பெற்றதுதான், 5 வாட் வரை. அரை வாட்டைவிடப் பத்து மடங்கு என்று கேட்கும்போது ஆசையாக இருக்கும். ஆனால் அலைநீளம் 11 மீட்டர். அதற்குப் பொருத்தமான கால் அலை ஆண்டெனாவே இரண்டே முக்கால் மீட்டர் உயரம் வரும். கைக்கருவியில் வரும் குட்டை ஆண்டெனாவோ சக்தியில் பெரும்பகுதியை வீணாக்கிவிடும். எல்இடி பல்பு, இன்வெர்ட்டர் எல்லாம் எழுப்பும் இரைச்சலும் இந்தப் பட்டையில் அதிகம். அமெரிக்க லாரி ஓட்டுநர்களுக்கு நெடுஞ்சாலையில் எதிர்முனையில் எப்போதும் ஆள் இருந்தார்கள். நம் ஊர்ச் சாலையில் சானல் சானலாகத் திருப்பினாலும் யாரும் பேசமாட்டார்கள். நான் யாருக்கும் இதைப் பரிந்துரைப்பதில்லை.

தெரியாதவர்களுக்கு: ஹாம்

ஆசிரியருக்கு நான் சொன்ன வழி இதுதான். அமெச்சூர் ரேடியோ என்பது தேர்வெழுதி, அரசு தரும் அழைப்புக்குறியோடு பேசுவது. 12 வயது நிறைந்தால் தேர்வெழுதலாம். ரேடியோ அடிப்படை, விதிமுறைகள் என இரண்டு பகுதி. தொடக்க நிலையான ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் தேவையில்லை. ஓம் விதியும் ஆண்டெனா நீளக் கணக்கும் புரிந்தவருக்குப் பயப்பட ஒன்றுமில்லை. உரிமம் கைக்கு வரப் பொறுமை வேண்டும். ஆனால் வந்த பிறகு திறக்கும் வாசல் பெரியது.

'ஹேண்டி' என்று நாங்கள் சொல்லும் கைக்கருவி ஒன்றும் பெரிய செலவில்லை. சில ஆயிரம் ரூபாய்க்குள் 2 மீட்டர், 70 சென்டிமீட்டர் இரண்டு பட்டைகளிலும் பேசும் சீனத் தயாரிப்புகள் உண்டு. பாவ்ஃபெங் யுவி-5ஆர் அதில் பெயர் பெற்றது. நான்கைந்து வாட். ஆனால் அதன் குணமே அதன் ஆபத்து. 136 முதல் 174, 400 முதல் 520 மெகாஹெர்ட்ஸ் வரை எங்கே வேண்டுமானாலும் அது அலையை அனுப்பிவிடும். நமக்கு அனுமதி 2 மீட்டர் பட்டையில் 144–146, 70 சென்டிமீட்டரில் 434–438 மட்டும். கடலோர மீனவர்களும் கப்பல்களும் உதவி கேட்கும் 156.8 மெகாஹெர்ட்ஸும் அந்த வரம்புக்குள்தான் இருக்கிறது. தெரியாமல் கை பட்டால்கூட ஒருவர் உயிருக்கு உலை வைத்துவிடலாம். அதனால் உரிமம் வரும் முன் இதை வாங்காதீர்கள். 446இல் பேசவும் இதைப் பயன்படுத்தக் கூடாது. அங்கே சக்தியும் ஆண்டெனாவும் வேறு கணக்கு.

இப்போது இந்த ஒப்பீட்டின் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். சக்தியா, உயரமா? அரை வாட்டிலிருந்து 5 வாட்டுக்குப் போனால், தடையே இல்லாத வெளியில் தூரம் மூன்று மடங்கு கூடும். ஆனால் இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போவதால், பூமியின் வளைவு ஓர் எல்லை போட்டுவிடும். ஆண்டெனா உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் அந்த எல்லை கிலோமீட்டரில் வரும். கையில் பிடித்த ரேடியோ ஒன்றரை மீட்டர் உயரம் என்றால் 5 கிலோமீட்டர். அதையே 10 மீட்டர் உயர மாடிக்கு ஏற்றினால் 13. கொடைக்கானல் மாதிரி 2,100 மீட்டர் உயரத்தில் நின்றால் சமவெளி நோக்கி சுமார் 190. மலைமேல் ரிப்பீட்டர் வைப்பது இதனால்தான். நம் ஹேண்டி அனுப்புவதை ஓர் அதிர்வெண்ணில் கேட்டு, 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இன்னோர் அதிர்வெண்ணில் அது திருப்பி அனுப்பும். மாவட்டம் தாண்டி ஒருவர் பக்கத்து வீட்டுக்காரர் போலப் பேசுவார். பிஎம்ஆர் 446இல் இந்த வசதிக்கு வழியே இல்லை.

2 மீட்டர் பட்டைக்கு மாடியில் நடும் ஆண்டெனாவை நீங்களே செய்யலாம். ஒரு சாக்கெட், ஐந்து வெல்டிங் ராடு. செங்குத்தானது சுமார் 49 சென்டிமீட்டர், கீழ்நோக்கி 45 டிகிரி சாய்த்த நான்கும் 51 அளவில். பழைய தூர்தர்ஷன் ஆண்டெனாவின் தட்டை ஒயர் பரணில் கிடந்தால் அதிலும் ஒன்று செய்து பிவிசி குழாய்க்குள் தொங்கவிடலாம். இரண்டுமே ஹேண்டியோடு வரும் ரப்பர் குச்சியைவிடப் பல படி மேல். நட்டதும் எஸ்டபிள்யூஆர் பாருங்கள், அதாவது ஆண்டெனா ஏற்காமல் சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு. இரண்டுக்குக் கீழே வரும்வரை நீளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுங்கள்.

ஒயரில் மட்டும் சிக்கனம் வேண்டாம். மெலிந்த ஆர்ஜி-58 கேபிள் பத்து மீட்டர் ஓடினால், 2 மீட்டர் பட்டையில் சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வழியிலேயே போய்விடும். 70 சென்டிமீட்டரில் பாதிக்கு மேல் போகும். தடித்த ஆர்ஜி-213 போடுங்கள், இல்லை ஒயரைக் குட்டையாக வைத்துக்கொள்ளுங்கள். என் முதல் ஆண்டெனா ஓர் ஐப்பசி மழையில் ஊமையாகிவிட்டது. மேல் கனெக்டரில் டேப் சரியாகச் சுற்றாததால் தண்ணீர் கேபிளுக்குள் இறங்கியிருந்தது. முழு ஒயரையும் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. ரப்பர் டேப், அதன்மேல் பிவிசி டேப் என்று இரண்டு அடுக்காகச் சுற்றி, வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒயரைக் கொஞ்சம் தொங்கவிட்டு மேலேற்றினால் நீர் அங்கேயே சொட்டிவிடும். இடி இடிக்கும் நாளில் கழற்றி வெளியே போட்டுவிடுங்கள்.

சரி, இதெல்லாம் செய்து என்ன கிடைக்கும்? சர்வதேச விண்வெளி நிலையம் தலைக்கு மேலே போகும் பத்து நிமிடத்தில், அங்கிருந்து பேச்சு இருந்தால் 145.800இல் சாதாரண ஹேண்டியிலேயே கேட்கலாம். தச்சர் டேப்பை வெட்டி பிவிசி குழாயில் கட்டிய யாகியை (ஒரே திசை நோக்கிப் பேசும் ஆண்டெனாவை) கையில் பிடித்தபடி எஸ்ஓ-50 செயற்கைக்கோள் வழியாகப் பேசுபவர்கள் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று பாரதி பிரசாத், வியூ2ஆர்பிஐ என்ற அழைப்புக்குறியால் நாங்கள் அறிந்தவர், ஹாம் பயணக் குழுவோடு போர்ட் பிளேரில் இருந்தார். நிலநடுக்கமும் சுனாமியும் தொலைபேசியை அறுத்த பிறகு அந்தமானிலிருந்து செய்திகளை வெளியே கொண்டுவந்ததில் அவருடைய நிலையத்துக்கு முக்கியப் பங்கு உண்டு. முகம் தெரியாதவர்களோடு பேசப் பழகியவர்களால்தான் அன்று அப்படி வேலை செய்ய முடிந்தது என்று நான் நம்புகிறேன்.

அக்கா மகன் நாலு பிஎம்ஆர் செட் வாங்கிவிட்டான். ஆசிரியர் தேர்வுக்குப் படிக்கிறார். வயது பாராமல் எங்களுக்குள் அழைத்துக்கொள்ளும் 'ஓஎம்' (ஓல்டு மேன்) என்ற சொல்லை இப்போதே பழகிவிட்டார். வெல்டிங் ராடு ஐந்தும் வெட்டாமல் பூஜை அறை ஓரத்தில் சாத்தி வைத்திருக்கிறார்.