எகானமியிலிருந்து பிசினஸுக்கு: ஆறு பயணங்களில் நான் கட்டிய வித்தியாசம்

என் மனைவிக்கு முதுகில் எல்-4, எல்-5 தட்டு விலகியிருக்கிறது. தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்காரக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. மகன் இருப்பதோ மான்செஸ்டரில். சென்னையிலிருந்து அங்கே நேர் விமானம் கிடையாது, வளைகுடாவில் இறங்கி மாற வேண்டும். 2018-இல் தொடங்கி, கொரோனாவுக்கு இரண்டு வருடம் விட்டு, 2025 வரை ஆறு முறை போய் வந்துவிட்டோம். நான் ஓய்வு பெற்ற வங்கி ஊழியன். நேராக பிசினஸ் கிளாஸ் வாங்கும் வசதி பென்ஷனில் கிடையாது. எகானமி வாங்கி, முடிந்த இடத்தில் மட்டும் மேலே பணம் கட்டி மாற்றிக்கொள்வதுதான் வழக்கம்.

முதல் தடவையே ஏமாந்தேன். ஏமாற்றியது யாருமில்லை, நானாகத்தான். டிக்கெட் வாங்கிய அன்று ஒருவருக்கு எகானமி 52,000, பிசினஸ் 1,48,000 என்று திரையில் காட்டியது. வித்தியாசம் 96,000. ‘தேவைப்பட்டால் அப்புறம் இந்த 96,000-ஐக் கட்டிக்கொள்ளலாம்’ என்று ஒரு தாளில் குறித்தும் வைத்துக்கொண்டேன். ஆறு வாரம் கழித்துக் கேட்டால் 1,63,000 என்றார்கள். அதற்கு மேல் மாற்றுக் கட்டணம் தனி.

போனில் பேசிய பெண் பொறுமையாக விளக்கினார். பிசினஸ் கிளாஸ் என்பது ஒரே விலை இல்லை. அதே வரிசை இருக்கைகளையே ஜே, சி, டி, ஐ, இசட் என்று எழுத்து போட்டுப் பல விலையில் விற்கிறார்கள் (எழுத்துகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்). மலிவான எழுத்து முதலில் தீரும். நாம் கட்ட வேண்டியது, கேட்கிற நாளில் மிச்சமிருக்கும் பிசினஸ் விலையில் நாம் ஏற்கெனவே கொடுத்தது போக உள்ள பாக்கி. வாங்கிய நாளில் திரையில் பார்த்த விலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வட்டி விகிதம் மாறுவதை முப்பது வருடம் வாடிக்கையாளர்களுக்கு விளக்கியவன் நான். இது மட்டும் எனக்கு உறைக்கவில்லை. அந்த வருடம் எகானமியிலேயே போனோம்.

2019-இல் தெரிந்த ஏஜென்ட் மூலம் வாங்கினேன். நிறுவனத்தின் தளத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நல்ல விலை தெரிந்தது. அழுத்தினால், ‘உங்கள் டிக்கெட்டை வழங்கியவரை அணுகவும்’ என்று வந்தது. திங்கள் காலை பத்தரைக்கு ஏஜென்ட் கடை திறப்பதற்குள் அந்த விலை போய்விட்டது. அன்றிலிருந்து டிக்கெட்டை நேராக நிறுவனத்திடமே வாங்குகிறேன்.

பணம் கட்டி மாறிய முதல் பயணம் 2022. அதிலும் திரும்பும் வழிக்கு மட்டும்தான். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், இதில்தான் பலர் காசை விடுகிறார்கள். போகும்போது சென்னையில் விடியற்காலை நாலு மணிக்கு ஏறினால் நாலரை மணி நேரத்தில் வளைகுடா. சாப்பாடு, விளக்கு, அறிவிப்பு எல்லாம் போக இரண்டு மணி நேரம் தூங்கினால் பெரிது. அடுத்த விமானம் முழுக்கப் பகல்; எழுந்து நடந்துகொண்டே போய்விடலாம். திரும்பும்போது மான்செஸ்டரில் ராத்திரி எட்டு மணி வாக்கில் கிளம்பி ஏழு மணி நேரம் ராப்பயணம். படுத்தே ஆக வேண்டிய இடம் அது ஒன்றுதான்.

ஆனால் அந்த ஒரு துண்டை மட்டும் மாற்றித் தாருங்கள் என்றால் கணக்கு இடித்தது. மான்செஸ்டரிலிருந்து வளைகுடா வரை மட்டும் என்றால் ஒருவருக்கு 78,000, சென்னை வரைக்கும் சேர்த்து என்றால் 86,000. கட்டணத்தைப் புறப்படும் ஊரிலிருந்து போய்ச் சேரும் ஊர் வரைக்கும் ஒன்றாகப் போடுகிறார்கள். நடுவில் ஒரு துண்டை வெட்டினால் விலை பாதியாவதில்லை. எட்டாயிரம்தானே என்று சேர்த்தே வாங்கினேன்.

விமானம் மேலே ஏறி விளக்கை அணைத்ததும் பணிப்பெண் வந்து இருக்கையை நீட்டி, மேலே ஒரு மெல்லிய மெத்தையை விரித்தார். என் மனைவி செருப்பைக் கழற்றிக் கீழே ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்தாள், வீட்டுத் திண்ணையில் வைப்பதுபோல. சக்கரம் தரையில் முட்டும் வரை எழுந்திருக்கவில்லை. வலி மாத்திரைப் பட்டை கைப்பையில் பிரிக்காமலே இருந்தது. லவுஞ்ச், சாப்பாடு பற்றியெல்லாம் எழுத எனக்கு ஒன்றுமில்லை. இட்லி மட்டும் சகிக்கவில்லை.

வரியைப் பற்றிக் கொஞ்சம். வித்தியாசம் என்பது கட்டணத்தில் மட்டுமல்ல, வரியிலும் உண்டு. பிரிட்டனிலிருந்து கிளம்பும் பயணிக்கு அந்த நாட்டு அரசு தனி வரி போடுகிறது. இந்தியா வரைக்குமான தூரத்துக்கு 2025 ஏப்ரலில் அது எகானமிக்கு 90 பவுண்ட், அதற்கு மேற்பட்ட வகுப்புக்கு 216. இங்கே ஜி.எஸ்.டி. எகானமிக்கு 5 சதவீதம். பிசினஸுக்கு 12 ஆக இருந்ததை 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆக்கிவிட்டார்கள். ஆகவே, சொல்லும் விலை வரி சேர்த்தா சேர்க்காமலா என்று கேட்காமல் கார்டு நம்பரைக் கொடுக்காதீர்கள்.

2023-இல் வித்தியாசத்தைக் கட்டி, இருவருக்கும் இருக்கை எண் வாங்கி, மான்செஸ்டர் கவுன்டரில் நின்றால், ‘விமானம் மாறிவிட்டது, சின்ன விமானம், பிசினஸில் ஒரு இடம்தான்’ என்றார்கள். இவளை அதில் உட்கார வைத்துவிட்டு நான் பின்னால் போனேன். ஊர் வந்ததும் மேலே கட்டிய தொகையில் ஒரு பகுதியை மட்டும் தருவதாக மின்னஞ்சல் வந்தது. நல்லவேளை, விதியைப் படிக்கும் பழக்கம் எனக்கு உண்டு.

ஐரோப்பாவில் 2004-இல் வந்த 261 என்ற விதி, பிரிட்டன் பிரிந்த பிறகும் அங்கே சட்டமாகவே இருக்கிறது. எந்த நாட்டு விமானமானாலும் பிரிட்டனில் கிளம்பினால் அது பொருந்தும். வகுப்பைக் கீழே இறக்கினால், இவ்வளவு நீளமான பயணத்துக்கு அந்தத் துண்டின் விலையில் 75 சதவீதத்தை ஏழு நாளில் திருப்பித் தர வேண்டும். துண்டின் விலை என்றால் எது என்பதற்கும் 2016-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. டசெல்டார்ஃபிலிருந்து டோக்கியோ போன ஒரு பயணியின் வழக்கு அது. வகுப்பு இறக்கப்பட்ட அந்த ஒரு விமானத்தின் கட்டணம்தான் கணக்கு, வரிகள் சேராது. ஆனால் வகுப்பைப் பொறுத்து மாறும் வரியை அப்படி ஒதுக்க முடியாது. மேலே சொன்ன பிரிட்டன் வரி அந்த வகைதானே! அதையும் எழுதிச் சேர்த்துக் கேட்டேன். ஏழு நாள் என்பது நான்கு மாதமானது, பதினொரு மின்னஞ்சல் ஆனது. வந்தது.

இந்தியாவிலும் 2023 பிப்ரவரி 15 முதல் இதேபோல் ஒரு விதி உண்டு. உள்நாட்டுப் பயணம் என்றால் வரியோடு சேர்த்து 75 சதவீதம், வெளிநாடு என்றால் தூரத்தைப் பொறுத்து 30, 50, 75. கவுன்டரில் யாரும் தாமாக எடுத்துச் சொல்ல மாட்டார்கள். வகுப்பை இறக்கிவிட்டோம் என்று அவர்களிடமே எழுதி வாங்கி, பழைய போர்டிங் பாஸையும் புதியதையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

2024-இல் ஏலம். மிஞ்சும் பிசினஸ் இருக்கைக்கு ‘உங்கள் விலையைச் சொல்லுங்கள்’ என்று நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வரும். தொகையைக் கூட்டக் கூட்டத் திரையில் ஒரு முள், சிவப்பிலிருந்து பச்சைக்கு நகரும். ஒரு துண்டுக்கு மட்டும் கேட்கலாம் என்பது இதில் பெரிய நிம்மதி. ஆனால் ஒரே பி.என்.ஆரில் இருக்கும் எல்லோருக்கும் சேர்த்துத்தான் கேட்க முடியும். எனக்கு இரண்டு பேருக்குக் கட்ட மனசில்லை. ஆகவே டிக்கெட் வாங்கும்போதே இருவருக்கும் தனித்தனி பி.என்.ஆர். போட்டுவிட்டேன். விமானம் ரத்தானால் இருவரையும் வேறு வேறு விமானத்தில் ஏற்றிவிடும் அபாயம் இதில் உண்டு, தெரிந்தேதான் செய்தேன். குறைந்தபட்சத் தொகைக்கு மேல் இரண்டாயிரம் வைத்து 46,000 கேட்டேன். கிளம்புவதற்கு முப்பது மணி நேரம் முன்பு கிடைத்தது.

‘நீங்க பின்னாடி, நான் முன்னாடியா? பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?’ என்று விமானம் ஏறும் வரை சண்டை. இறங்கும்போது கைப்பையிலிருந்து எனக்கு இரண்டு சாக்லேட் எடுத்துக் கொடுத்தாள். அப்புறம் பார்த்தால் மைல் கணக்கில் (பயணத்துக்கு நிறுவனம் தரும் புள்ளிகள்) எகானமிக்கு உரியதுதான் ஏறியிருந்தது, பெட்டி எடையும் எகானமி அளவே. வித்தியாசம் கட்டி டிக்கெட்டையே மாற்றி எழுதினால் இரண்டும் பிசினஸ் கணக்கில் வரும். மகன் வீட்டிலிருந்து திரும்பும்போது பெட்டி எடை முக்கியம் என்றால் இதையும் கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டும்.

போன வருடம் ஏலத்தில் தோற்றோம். ஆனால் செக்-இன் திறந்ததும் அதே இருக்கையைச் செயலியிலேயே 41,000-க்குக் காட்டியது. நான் கட்டியதிலேயே குறைந்த தொகை அதுதான். அதை நம்பிக் காத்திருக்கலாமா என்றால், எங்களுக்கு ஆறில் ஒரு முறைதான் கிடைத்தது. காலியிடம் மிஞ்சினால்தானே விற்பார்கள், பள்ளி விடுமுறை நாட்களில் எங்கே மிஞ்சப்போகிறது?

இந்த வருடம் செப்டம்பர் டிக்கெட். வாங்கிய அன்றே திரும்பும் வழியை மட்டும் பிசினஸாகப் போட்டால் என்ன விலை என்று பார்த்தேன். ஒருவருக்கு 69,000 கூடுதல். இவளுக்கு மட்டும் அன்றே கட்டிவிட்டேன். நான் பின்னால்தான். பக்கத்தில் யாரும் வராத இருக்கையாகப் பார்த்து 38-சி எடுத்திருக்கிறேன், வந்தால் பார்த்துக்கொள்ளலாம்.