மகளை மக்களாக்கிய கீபோர்டு

பார்சலைப் பிரித்தபோது கடையில் நான்கு பேர் இருந்தார்கள். பெட்டியின் மேல் கண் சிவந்த ஓநாய் ஒன்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த பத்திர எழுத்தர் அண்ணாச்சி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்துவிட்டு, "என்ன தாயி, கடையச் சாத்திட்டு வெளையாடப் போறியா?" என்றார். நான் வாங்கியது கேமிங் கீபோர்டு. எனக்கு வயது நாற்பத்தேழு. விளையாட்டு என்றால் பல்லாங்குழியோடு சரி.

செங்கோட்டையில் எனக்கு ஒரு சின்ன டைப்பிங் கடை. எழுத்தர் அண்ணாச்சிமார் கையால் எழுதித் தருகிற பத்திரங்களை அடித்துக் கொடுப்பது முக்கியமான வேலை. இந்த ஊர் 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூரையும், பின்னால் திருவிதாங்கூர்-கொச்சியையும் சேர்ந்த மண்ணாக இருந்ததால், மூலப்பத்திரம் என்று சிலர் கொண்டுவருவது மலையாளத்தில் இருக்கும், கொல்லம் ஆண்டுக் கணக்கோடு. மலை ஏறினால் ஆரியங்காவு. அங்கிருந்தும் கழுதுருட்டியிலிருந்தும் ரயிலேறி வந்து மலையாளத்தில் மனு அடிக்கச் சொல்கிறவர்களும் உண்டு. ஆக ஒரு நாளில் தமிழ், மலையாளம், இங்கிலீஷ் மூன்றும் ஒரே கீபோர்டில் ஓடும்.

பழைய கீபோர்டு நானூறு ரூபாய்ச் சாமான். அடியில் ரப்பர் மெத்தை வைத்தது. வருடத்துக்கு ஒன்று என்று மாற்றிக்கொண்டே இருந்தேன். இந்தத் தடவை 'க' விசை அமுங்கினால் எழும்பவில்லை. அண்ணன் மகன், என் மருமகன், திருவனந்தபுரத்தில் இன்ஜினியரிங் படிக்கிறான். "அத்தை, நீங்க வருஷா வருஷம் கொடுக்கிற காசுக்கு ஒரு மெக்கானிக்கல் போட்டுருங்க. உள்ளே ஒவ்வொரு கீக்கும் தனி ஸ்பிரிங். கோடித் தட்டு தாங்கும்" என்றான். கேமிங் என்று பேர் போட்டிருக்கிறதே என்று கேட்டேன். அந்தப் பேர் போட்டால்தான் நம்ம விலையில் கிடைக்கும் என்றான். 2,800 ரூபாய் ஆனது. கம்பெனி பேரைச் சொல்லப் போவதில்லை. கடைசியில் கொஞ்சம் குறை சொல்ல வேண்டியிருக்கிறது.

அவன் நம்பர் பேட் இல்லாத 87 விசைக் கீபோர்டைத்தான் சொன்னான், மவுஸுக்கு இடம் கிடைக்குமாம். நான் விடவில்லை. சர்வே எண், பட்டா எண், ஏர்ஸ், சென்ட், கிரையத் தொகை இதையெல்லாம் மேல் வரிசை எண்களில் தேடித் தேடி அடிக்க முடியாது. 104 விசை உள்ளதையே வாங்கினேன். கார்த்திகை பிறந்ததும் சபரிமலைக்கு ஆன்லைன் வரிசையில் பதிவு செய்ய மாலை போட்ட சாமிமார் கடைக்கு வந்து நிற்பார்கள். ஆளுக்கு ஒரு ஆதார் எண், ஒரு செல் எண். அன்றைக்கே அந்த நம்பர் பேட் தன் விலையைக் கொடுத்துவிட்டது.

இனி விசயத்துக்கு வருகிறேன். முதல் வாரம் நரகம்.

ரப்பர் கீபோர்டில் விசையை அடிவரை அமுக்கினால்தான் எழுத்து விழும். பத்து வருடமாக என் விரல் அப்படித்தான் குத்திப் பழகியிருக்கிறது. இதில் அப்படி இல்லை. செர்ரி கம்பெனி 1980களில் கொண்டுவந்த எம்எக்ஸ் சுவிட்ச்தான் இன்றைக்கு வரும் பெரும்பாலான சுவிட்சுகளுக்கு அச்சு. அதில் விசை மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும். ஏறக்குறைய பாதி வழியிலேயே எழுத்து விழுந்துவிடும். மீதிப் பாதி சும்மா. என் விரலோ அந்த மீதியையும் குத்தி, தட்டில் மோதி, நோகிறது. விரல் ஓய்வாகக் கிடக்கும்போது கேட்காமலே 'ப' விழுகிறது. பன்னிரண்டு நிமிடத்தில் அடிக்கிற பக்கம் பத்தொன்பது நிமிடம் ஆனது. கடிகாரம் பார்த்துத்தான் சொல்கிறேன்.

உயரமும் ஒரு தொல்லை. பழையது மேசையோடு ஒட்டிக் கிடக்கும், இது செங்கல் மாதிரி நிற்கிறது. மணிக்கட்டை மேசையில் ஊன்றி அடித்தால் மூன்றாம் நாளே முழங்கைவரை வலி. மருமகன் மணிக்கட்டுக்குத் தலையணை விற்கிறார்கள் என்று லிங்க் அனுப்பினான். அறுநூறு ரூபாய். நான் ஒரு துவர்த்தை, அதாவது துண்டை, நாலாக மடித்து வைத்துப் பார்த்தேன். அதுவும் சரிப்படவில்லை. அப்புறம்தான் பழைய ஞாபகம் வந்தது.

பத்தொன்பது வயதில் தென்காசியில் டைப்ரைட்டிங் படித்தேன், ரெமிங்டன் மிஷின். மணிக்கட்டு தொங்கினால் டீச்சர் ஸ்கேலின் ஓரத்தால் கீழிருந்து ஒரு தட்டுத் தட்டுவார். மணிக்கட்டு மிதக்க வேண்டும், விரல் வளைந்து மேலிருந்து விழ வேண்டும். துவர்த்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, நாற்காலியில் ஒரு தலையணை வைத்து உயரம் ஏற்றி, அந்தக் காலத்து உட்காரலை உட்கார்ந்தேன். இரண்டு நாளில் வலி போனது. டீச்சரைத் திட்டியதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

சுவிட்ச் நிறத்தைப் பற்றிச் சொல்லாமல் தீராது. சிவப்பு என்றால் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கும். பழுப்பு என்றால் நடுவில் ஒரு சின்னத் தடங்கல் விரலுக்குத் தெரியும். நீலம் என்றால் அந்தத் தடங்கலோடு 'டிக்' என்று சத்தமும் வரும். விளையாடுகிறவர்கள் சிவப்பைத்தான் அதிகம் விரும்புவார்களாம். நான் நீலம் வாங்கினேன். எழுத்து எங்கே விழுந்தது என்று அந்த டிக் சொல்லிவிடுவதால், அடிவரை குத்த வேண்டாம் என்று விரல் தானே கற்றுக்கொள்கிறது. இரண்டாம் வாரக் கடைசியில் பழைய வேகம் வந்தது. மூன்றாம் வாரம் பக்கம் பத்து நிமிடம்.

சத்தம் அதிகம்தான். அண்ணாச்சி பக்கத்தில் உட்கார்ந்து வாசகம் சொல்லும்போது நான்குமால் விவரத்தை, அதாவது நிலத்தின் நாலு பக்க எல்லையை, கத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. போன் பேசுகிறவர்கள் வெளியே போய்விடுகிறார்கள். பென்ஷன் மனு அடிக்க வந்த ஒரு ஆச்சி மட்டும், "ஓட்டு மேல சாரல் விழுற மாதிரில்லா இருக்கு" என்று சொல்லி, வேலை முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தது. வீட்டில், ராத்திரியில், பக்கத்தில் ஆள் தூங்கும்போது அடிக்கிறவர்கள் நீலத்தை நினைக்கவே வேண்டாம்.

விளக்குகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஏழு நிறத்தில் ஓடியது, அணைத்துவிட்டேன். W, A, S, D நான்கும் சிவப்பில் இருக்கின்றன. பையன்களுக்கு அது முன்னே பின்னே நடக்கிற விசை. தமிழ்99 என்கிற தமிழ் விசை முறையில் அடிக்கிற எனக்கு அவை ஈ, அ, இ, உ. குறில் நெடிலுக்கு யாரோ பொட்டு வைத்த மாதிரி இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் கேமிங் என்ற பேருக்காக வைத்த ஒரு வசதி என்னை ஒரு பகல் முழுக்க அழவிட்டது. நான் மொழி மாற்றுவது விண்டோஸ் விசையையும் ஸ்பேஸையும் சேர்த்து அமுக்கி. திடீரென்று ஒரு காலையில் மொழி மாறவில்லை. மலையாள மனு ஒன்று பாதியில் நிற்கிறது, கொண்டுவந்தவருக்கு ரயிலுக்கு நேரமாகிறது. கம்ப்யூட்டரை மூன்று முறை அணைத்துப் போட்டேன். வைரஸ் என்று நினைத்தேன். கடைசியில் மருமகன் போனில் சிரிக்கிறான்: "அத்தை, விளையாடும்போது தெரியாம விண்டோஸ் கீயைத் தொட்டுட்டா கேம் மறைஞ்சிரும். அதுக்காக அதைப் பூட்டுற வசதி. எஃப்என் (Fn) கீயோட சேர்த்து விண்டோஸ் கீயை அமுக்குங்க." அமுக்கினேன், திறந்துகொண்டது. ஓரத்தில் ஒரு குட்டிப் பூட்டு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. நான்தான் விளக்குகளையெல்லாம் பார்க்காமல் பழகிவிட்டேனே.

இனி தலைப்புக் கதை.

இரண்டாம் மாதம் ஒரு தான செட்டில்மென்ட் பத்திரம். ஆரியங்காவுப் பக்கத்தில் குடியிருக்கிற பெரியவர், செங்கோட்டைப் பக்கம் இருக்கிற நிலத்தை மகள் பேருக்கு எழுதுகிறார். மகளுக்கு அண்ணன்மார் இரண்டு பேர். நகல் அடித்துக் கொடுத்தேன், பெஞ்சில் வைத்துப் படித்தார்கள். மூத்த மகன் ஒரு வரியில் விரல் வைத்து, சிரித்துக்கொண்டே, "சேச்சி, இதில் மக்கள்னு இருக்கே. அப்ப எனக்கும் பங்கு உண்டுதானே?" என்றார்.

'என் மகள்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'என் மக்கள்'. தமிழில் மக்கள் என்றால் ஊர் ஜனம் என்றும் சொல்லலாம், பிள்ளைகள் என்றும் சொல்லலாம். மலையாளத்தில் பிள்ளைகள் என்றே பொருள். பெரியவரின் முகம் வெளுத்துவிட்டது. நல்லவேளை, நகல்தான், முத்திரைத்தாளில் ஏறவில்லை. அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வையில், என் இருபது வருட உழைப்பு வெள்ளத்தில் போனது.

நான் தப்பாக அடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தேன். பத்தில் ஒரு தடவை, ஒரே தட்டுக்கு 'க' இரண்டு முறை விழுகிறது. சுவிட்சுக்குள் உள்ள தகடு துள்ளி இரண்டு தரம் தொடுகிறது. விலை குறைந்த மெக்கானிக்கலில் இது பேர்போன வியாதி என்று மருமகன் சொன்னான். இங்கிலீஷில் என்றால் ஒரே எழுத்து இரண்டு முறை விழுந்து, தப்பு பல்லைக் காட்டும். மலையாளம் அடிக்கிற இன்ஸ்கிரிப்ட் விசை முறையில் அதே விசை 'ப'. அங்கே இரட்டித்தால் 'பப' என்று அசிங்கமாக நிற்கும், உடனே கண்ணில் படும். தமிழ்99இல்தான் ஆபத்து. ஒரே மெய்யை இரண்டு தடவை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானாகவே புள்ளி வைத்துவிடுவது அதன் சிறப்பு. வேகம் வருவதே அதனால்தான். அந்தச் சிறப்புதான் இங்கே காலை வாரியது. 'கக' என்று கோணலாக நிற்க வேண்டிய தப்புக்குப் புள்ளி வைத்து, இலக்கணம் பார்த்து, நல்ல சொல்லாக உடுத்தி அனுப்பிவிட்டது. 'ட' துள்ளினால் படம் பட்டமாகும், பாடு பாட்டாகும். எழுத்துப் பிழை பார்க்கிற எந்தச் சாஃப்ட்வேரும் இதைப் பிடிக்காது.

விற்றவர்களுக்குப் போன் செய்தேன். கீபோர்டை அனுப்பி வையுங்கள், பதினைந்து நாளில் பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். பதினைந்து நாள் நான் எதில் அடிப்பது? வேறு எழுத்து எதுவும் துள்ளவில்லையா என்று கேட்டார்கள். ஒரு எழுத்து போதாதா? அது 'க' இல்லையா?

நல்லகாலம், இந்தக் கீபோர்டில் சுவிட்சைத் தனித்தனியாகப் பிடுங்கி மாற்றலாம், பற்றவைத்தது இல்லை. இதைத் தெரிந்து நான் வாங்கவில்லை, மருமகன்தான் பார்த்து வாங்கினான். பெட்டியில் ஒரு சின்ன இடுக்கியும் மூன்று உபரிச் சுவிட்சும் இருந்தன. முதல் சுவிட்சை நேராகப் பிடிக்காமல் அமுக்கி, அதன் செம்புக் கால் மடங்கி ஒடிந்தது. இரண்டாவது சுவிட்ச் ஒரு மாதம் ஒழுங்காக இருந்து, அப்புறம் அதுவும் துள்ள ஆரம்பித்தது. மூன்றாவதை 'ட'வுக்குப் போட வேண்டிவந்தது. நாலு மாதத்தில் இரண்டு விசை நோய்ப்படுகிறது என்றால், பெட்டியில் போட்ட கோடிக் கணக்கைப் பற்றி நான் என்ன நினைப்பது?

வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம் என்றுதான் சொல்வேன். மாலை ஆறு மணிக்கு விரல் மூட்டு முன்போல் நோவதில்லை. ஒரு நாளைக்கு மூன்று பக்கம் கூடுதலாக அடிக்கிறேன். ஆனால் சுவிட்ச் கழற்றி மாட்டுகிற வசதி இல்லாததை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். உபரிச் சுவிட்ச் குறைந்தது பத்து கையில் இருக்கட்டும். தமிழ்99 அடிக்கிறவராக இருந்தால், வந்த அன்றைக்கே 'மகள்' என்ற சொல்லை ஐம்பது தடவை அடித்துப் பாருங்கள். விளக்குக்காக ஐந்நூறு ரூபாய் கூடுதலாகக் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

பொங்கலுக்கு ஊருக்கு வந்த மருமகன் தன்னிடம் மிச்சமிருந்த சுவிட்ச் ஒன்றைக் 'க'வில் மாட்டிவிட்டுப் போனான். நீலம் அவனிடம் இல்லை, சிவப்புதான் இருந்தது. அதற்குப் பிறகு ஒரு தடவைகூடத் துள்ளவில்லை. இப்போது நூற்று மூன்று விசையும் டிக் டிக் என்று பேசும், 'க' மட்டும் வாய் திறக்காது. போன வாரம் வாசகம் சொல்லிக்கொண்டிருந்த அண்ணாச்சி நடுவில் நிறுத்தி, "தாயி, கிரையம்னு சொன்னேன், 'க' விழுந்துச்சா? சத்தம் கேக்கலியே" என்றார். திரையைத் திருப்பிக் காட்டினேன்.