செயினுக்கு ஸ்ப்ரே லூபா, 90 கியர் ஆயிலா?

ஸ்போர்ட்ஸ் பைக்கை வீட்டிலேயே பராமரிப்பவர்களுக்கு இந்தக் கேள்வி கட்டாயம் வரும். செயினுக்கென்றே டப்பாவில் வரும் ஸ்ப்ரே லூப், கியர் பெட்டிக்கு ஊற்றும் கெட்டியான 90 கியர் ஆயில், நான் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டேன், இப்போது என் கை போவது கியர் ஆயில் பக்கம்தான்.

ஸ்ப்ரே சுத்தமான வேலை. அடித்ததும் தண்ணீர் போல ஓடி இணைப்புகளுக்குள் இறங்கும், அதிலுள்ள கரைப்பான் ஆவியானதும் பிசுபிசுப்பான படலமாக நின்றுவிடும். அதற்கு அரை மணி நேரமாவது விட வேண்டும், அடித்த கையோடு வண்டியை எடுத்தால் பாதி தெறித்துப் போய்விடும். மழையில் நன்றாகத் தாங்கும். ஆனால் மண் சாலையில் போய் வந்தால் அந்தப் பிசுபிசுப்பில் புழுதி ஒட்டி, செயின் ஓடும் பல் சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் ஓரத்தில் கருப்பு மாவு மாதிரி திரண்டு நிற்கும்.

கியர் ஆயில் விலை குறைவு, ஒரு லிட்டர் மாதக்கணக்கில் வரும். பழைய டூத் பிரஷில் தொட்டு, செயினின் உள்பக்கம் தடவி, பின் சக்கரத்தைக் கையால் சுற்றி, மிச்சத்தைத் துணியால் துடைத்துவிட வேண்டும். துடைக்காமல் விட்டால் ரிம்மெல்லாம் புள்ளி புள்ளியாகத் தெறிக்கும், டயரில் பட்டால் வளைவில் சாயும்போது வழுக்கும், இதில் மட்டும் சோம்பல் கூடாது. அப்புறம், நல்ல மழையில் போய் வந்தால் கழுவிக்கொண்டு போய்விடும், திரும்பப் போட வேண்டும்.

எதைப் போட்டாலும் முதலில் மண்ணெண்ணெயில் கழுவுங்கள். இணைப்புகளில் ரப்பர் வளையம் உள்ள ஓ-ரிங் செயினுக்குப் பெட்ரோலும் கம்பி பிரஷும் வேண்டவே வேண்டாம், அந்த வளையம் கெட்டுவிடும். இன்ஜினை ஓடவிட்டுச் சக்கரத்தைச் சுற்றாதீர்கள், விரல் போய்விடும். தினமும் மழையில் ஓட்டுபவர் என்றால் ஸ்ப்ரேயே வாங்குங்கள்.